சங்ககிரி லாரிக்கு மூன்று கேமரா: எது உழைக்கிறது, எது வீண்

என்னுடையது பன்னிரண்டு சக்கர லாரி, 28 அடி பாடி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகும், திரும்பும்போது நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றி வரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும் ஹைவேயில் வண்டிக்குக் கீறல் விழுவது அபூர்வம். அடி வாங்குவதெல்லாம் கடைசி இருநூறு மீட்டரில்தான். குடோன் வாசலில் திருப்பும்போது, மண்டிக்குள் இரண்டு வண்டிக்கு நடுவில் நுழையும்போது, டீசல் பங்க்கில், எடைமேடையில் ஏறி இறங்கும்போது. டெயில் லைட், மட்கார்டு, பம்பர் மூலை, பாடியின் பக்கப் பலகை என்று ஏதாவது ஒன்று போகும். எதிராளியின் சன்ஷேடு உடைந்தால் அந்தப் பஞ்சாயத்து தனி.

இதைக் குறைக்கத்தான் மூன்று கேமரா, 7 இஞ்ச் திரை, பின்னால் நான்கு சென்சார் கொண்ட ஒரு செட்டை மாட்டினேன். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஓனர்கள் பலரும் “எப்படி இருக்கு, வாங்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன். பெட்டியின்மேல் இருக்கும் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை. இதே திரையும் இதே கேமராவும் ஐந்தாறு பெயர்களில் கடைக்குக் கடை வருகிறது. பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு கேமராவுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் அதை இடது பக்கம் மாட்டுங்கள். பின்னால் வேண்டாம். கடைக்காரர்களே இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் ‘ரிவர்ஸ் கேமரா’ என்றுதான் கேட்கிறார்கள். புதுக் கார்களில் 2019 ஜூலை முதல் ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாகிவிட்டது. அதிலிருந்து, பின்னால் பார்க்க ஒன்று இருந்தால் போதும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. லாரியின் கதை வேறு. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் கிளீனர் நிற்பார், மண்டி ஆட்கள் இரண்டு பேர் கத்துவார்கள், நாமும் ஜாக்கிரதையாக இருப்போம். இடது பக்கத்தில் அப்படி யாரும் நிற்பதில்லை. டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். இடது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. டூவீலர்காரர்கள் நுழைவதும் அந்தப் பக்கம்தான்.

சின்ன அடிதானே, இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சரக்கு வண்டிக்கான சாதாரண பேக்கேஜ் பாலிசியில் லைட், டயர், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பாகங்கள், பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் சேதத்துக்குப் பணம் கிடையாது, வண்டி மொத்தமாகப் போனால் ஒழிய. ஐ.எம்.டி. 23 (IMT 23) என்ற சேர்க்கையைக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்திருந்தால்தான் அதெல்லாம் கணக்கில் வரும். சந்துக்குள் நம் லாரிக்கு என்னென்ன உடைகிறதோ, அந்தப் பட்டியல் அப்படியே விலக்கில் இருக்கிறது. சேர்க்கை இருந்து கிளெய்ம் போட்டாலும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் தள்ளுபடி அது. ஒரு டெயில் லைட்டுக்காக அதை யாரும் இழக்க மாட்டார்கள். ஆகவே சின்ன அடி முழுக்க ஓனர் பையிலிருந்துதான் போகிறது. செட்டின் விலையை இதோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கேமரா, திரை, ஒயர் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் வந்தது, மாட்டும் கூலி தனி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். முதலாவது, 24 வோல்ட் தாங்குமா? நம் லாரிகள் 24 வோல்ட். காருக்கு வரும் 12 வோல்ட் கேமராவை விலை குறைவு என்று மாட்டினால் அது தாங்காது, அல்லது வோல்ட்டைக் குறைக்கத் தனியாக ஒரு பெட்டி வைக்க வேண்டும். ‘12-24’ என்று போட்டிருப்பதையே கேளுங்கள்.

இரண்டாவது, ஒயர் உள்ள செட்டா, ஒயர் இல்லாததா? ஒயர் உள்ளதே வேண்டும். ஒயர்லெஸ் மாட்டுவது சுலபம்தான், ஆனால் 28 அடிக்கு இரும்பும் சரக்கும் தாண்டி சிக்னல் வர வேண்டும். நான் பார்த்த ஒயர்லெஸ் செட்டில் படம் சரியாக ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தில் உடைந்து உடைந்து வந்தது. செல்போனில் வைஃபை மூலம் பார்க்கும் கேமரா அதைவிட மோசம், படம் தாமதமாக வருகிறது. மணிக்கு 5 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் வண்டி நொடிக்கு 1.4 மீட்டர் நகரும். படம் ஒரு நொடி பிந்தினால் திரையில் இன்னும் நான்கடி இடம் தெரியும்போது பின்பலகை சுவரைத் தொட்டிருக்கும்.

மூன்றாவது, திரையில் எத்தனை கேமரா இணைக்கலாம், எத்தனை படத்தை ஒரே நேரத்தில் காட்டும்? நான்கு இணைப்பும், திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வசதியும் இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாட்டும் வேலையில்தான் பாதி வெற்றி. திரையைவிட ஒயர்தான் முதலில் கெட்டுப்போகிறது. என் வண்டியில் எலக்ட்ரீஷியன் ஒயரைச் சேஸிஸின் உள்பக்கமாக, நெளிகுழாய்க்குள் விட்டு, சைலன்ஸருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் எட்டாத தூரத்தில் டேக் அடித்துக் கட்டினார். கேமரா ஒயரும் நீள ஒயரும் சேரும் இடத்தில் திருகிப் பூட்டும் வட்ட இணைப்பு வருகிறது. அதன்மேல் ரப்பர் டேப் இழுத்துச் சுற்ற வேண்டும். அந்த இணைப்புக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் ஒயர் வழியாக ஓடி இணைப்புக்குள் போகாமல் கீழே சொட்டும். இந்தத் தொங்கல் இல்லாமல் இழுத்துக் கட்டிய வண்டிகளில் முதல் மழையிலேயே படம் மங்கலாகி நின்றுவிடுகிறது. செட் மோசம் என்று திட்டுவார்கள். செட்டில் குற்றம் இல்லை.

கேமராவின் வாலில் இரண்டு சின்ன ஒயர் வளையம் தொங்கும். ஒன்றை வெட்டினால் இடவலம் மாறும், இன்னொன்றை வெட்டினால் திரையில் தெரியும் கோடுகள் போய்விடும். பின் கேமராவும் இடது பக்கக் கேமராவும் கண்ணாடியில் தெரிவதுபோல் காட்ட வேண்டும். முன் கேமரா நேராகக் காட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் கிளீனரை வண்டியின் இடது பின்மூலையில் நிறுத்திக் கையை ஆட்டச் சொல்லுங்கள். திரையிலும் இடது பக்கம் ஆட வேண்டும். இதைச் சரிபார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பக் கூடாது. இடவலம் மாறிய படத்தைப் பார்த்து ஸ்டியரிங் ஒடிப்பது, படமே இல்லாமல் ஒடிப்பதைவிட ஆபத்து.

சரி, இடது பக்கக் கேமராவுக்கு வருவோம்.

பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கையில் மாட்டித் தருகிறேன் என்றுதான் எல்லா எலக்ட்ரீஷியனும் சொல்வார்கள். அங்கே இடம் இருக்கிறது, ஒயரும் பக்கம். வேண்டாம். கேபினின் இடது மேல் மூலையில், பின்னோக்கிக் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. நம் வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை. அது கண்ணாடி சேராத அகலம். பழைய குடோன்களின் வாசல் பத்தடி, அதாவது 3.05 மீட்டர். நடுவில் சரியாக நுழைந்தால் பக்கத்துக்கு 22 சென்டிமீட்டர் மிச்சம். இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் வண்டி உள்ளே போகும். கண்ணாடி அதிகம் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான், அதே நேரத்தில்தான் கண்ணாடி இல்லாமல் போகிறது. கேமராவும் கண்ணாடியோடு சேர்ந்து மடங்கிவிட்டால் மாட்டியதற்கே அர்த்தம் இல்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் லோடு ஏற்றியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மொத்த வியாபாரக் கடைகள், குடோன்கள், தள்ளுவண்டி, மூட்டை இறக்கிக்கொண்டு நிற்கும் மினி லாரி எல்லாம் ஒரே தெருவில். அங்கே இடது பக்கம் ஒடித்து ஒரு சந்துக்குள் போக வேண்டும். மூலையில் சாக்கடை, அதன்மேல் கல் பலகை. முன்சக்கரங்கள் பலகையைத் தாண்டி அகலமாகப் போய்விடும், பின்சக்கரங்கள் அதே தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பன்னிரண்டு சக்கர வண்டியில் முன்னால் இரண்டு ஆக்சில் திரும்புகிறது, பின்னால் இரண்டு ஆக்சில் திரும்பாமல் இழுபட்டு வருகிறது. லோடோடு பின்சக்கரம் பலகையின்மேல் ஏறினால் பலகை உடைந்து சக்கரம் சாக்கடைக்குள் இறங்கும், அப்புறம் கிரேன்தான். பழைய முறையில் கிளீனர் இறங்கி மூலையில் குனிந்து நின்று, “வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!” என்பார். இப்போது திரையில் டயரின் வெளிவிளிம்பும் பலகையின் விளிம்பும் ஒன்றாகத் தெரிகிறது. இடையில் ஒரு கை அளவு இருக்கிறதா, இரண்டு விரல்தான் இருக்கிறதா என்று நாமே பார்த்து ஒடிக்கலாம். கிளீனர் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்று டூவீலர்களை நிறுத்துகிறார். இந்த ஒரு இடத்துக்காகவே நான் கொடுத்த காசு தகும்.

இன்னொரு உபயோகம் நான் எதிர்பாராதது. வலது பக்கம் ஒடிக்கும்போது லாரியின் பின்பக்கம் இடதுபுறம் வெளியே வீசும். பின் ஆக்சிலைத் தாண்டித் தொங்கும் பாடியின் நீளம் வீல்பேஸில், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலான தூரத்தில், 60 சதவீதம் வரை இருக்கலாம் என்று மோட்டார் வாகன விதி அனுமதிக்கிறது. அவ்வளவு நீளம் தொங்கும்போது வீச்சும் பெரிதாகவே இருக்கும். டிரைவர் தலை வலது பக்கம் திரும்பியிருக்கும், இடது பின்மூலை ஒரு கரண்ட் கம்பத்தையோ நிற்கும் காரையோ வழித்துவிட்டுப் போகும். மண்டிகளில் நடக்கும் உரசலில் நிறைய இந்த வகைதான். இடது கேமரா இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் இங்கேதான் செட்டின் பெரிய குறை. இடது கேமராவை எல்லாரும் இடது இண்டிகேட்டர் ஒயரோடு இணைக்கிறார்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் படம் வரும். வலது பக்கம் திரும்பும்போது இடது இண்டிகேட்டர் போடுவோமா? ஆகவே பின்பக்கம் வீசும் நேரத்தில் படம் வராது. அதற்குத்தான் திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதி வேண்டும் என்றேன். சந்துக்குள் நுழையும் முன்பே பொத்தானை அழுத்தி, ஒரு பாதியில் இடது பக்கம், மறு பாதியில் பின்பக்கம் என்று வைத்துவிட வேண்டும். ஹைவேக்கு வந்ததும் அணைத்துவிடலாம்.

இண்டிகேட்டர் இணைப்பில் இன்னொரு தொல்லை. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் படமும் விட்டு விட்டு வரும். மெனுவில் ‘டிரிகர் டிலே’ என்று ஒன்று இருக்கிறது. அதைக் கூட்டி வைத்தால் படம் அணையாமல் நிற்கிறது. அதேபோல், ரிவர்ஸ் எடுக்கும்போது நம்மில் பலர் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிடுகிறோம். அப்போது திரைக்கு இடது பக்கச் சிக்னலும் போகிறது, ரிவர்ஸ் சிக்னலும் போகிறது. எதைக் காட்டுவது என்று மெனுவில் சொல்லி வைக்காவிட்டால் பின்பக்கம் பார்க்க வேண்டிய நேரத்தில் இடது பக்கம் வந்து நிற்கும். ரிவர்ஸுக்கு முதலிடம் கொடுத்து வையுங்கள். எலக்ட்ரீஷியனையே செய்து தரச் சொல்லுங்கள், மெனு ஆங்கிலத்திலும் சீன மொழியிலும்தான் இருக்கிறது.

பின் கேமரா நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். வண்டிக்கு நேர் பின்னால் நிற்கும் பைக், விட்டுப்போன மூட்டை, உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கும் அம்மா, விளையாடும் குழந்தை யாரையும் எந்தக் கண்ணாடியும் காட்டாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அது இருக்க வேண்டும். என் கவலை, சுவருக்கும் வண்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும் விதத்தில்தான். லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது, அதனால் எல்லாம் உள்ளதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தெரியும். திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் காரின் உயரத்துக்குப் போட்டவை, நம் வண்டிக்குப் பொருந்தாது. அந்த வளையத்தை வெட்டிவிட்டு நான் சொந்தமாகக் கோடு போட்டேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்பலகையிலிருந்து ஒரு மீட்டரில் ஒரு செங்கல், இரண்டு மீட்டரில் ஒரு செங்கல் வைத்து, அவை தரையைத் தொடும் இடம் திரையில் எங்கே தெரிகிறதோ அங்கே மெல்லிய டேப் ஒட்டியாகிவிட்டது. இதை லோடு ஏற்றிய பிறகு செய்யுங்கள். லோடில் ஸ்பிரிங் பட்டை அமுங்கிப் பின்பக்கம் தாழும், கேமராவின் உயரம் மாறும், காலி வண்டியில் போட்ட கோடு லோடு வண்டிக்குச் சரியாக வராது. இறக்குவதற்காக மண்டிக்குப் பின்வாங்கும்போது வண்டி லோடோடுதான் இருக்கும், ஆகவே அந்தக் கணக்குதான் நமக்கு வேண்டும்.

எங்கே மாட்டுவது என்பதும் தொல்லைதான். கன்டெய்னர் பாடி என்றால் மேல் விளிம்பில் மாட்டலாம், கச்சிதம். நம்முடையது திறந்த பாடி. பின்கதவு திறந்து மூடுவது, மேலே தார்பாய். அதனால் நம்பர் பிளேட் உயரத்தில், பின் தடுப்புக் கம்பிக்குக் கொஞ்சம் மேலே சேஸிஸில்தான் மாட்ட முடிந்தது. இதனால் இரண்டு சங்கடம். மழையில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராக லென்ஸில் விழுகிறது. தார்பாயின் முனையும் கயிறும் தொங்கிப் படத்தை மறைக்கின்றன. தகரத்தில் மேல்மூடி ஒன்று வைத்ததில் சேறு பாதி குறைந்தது, மீதிக்குத் துணிதான். ரிவர்ஸ் போடும் முன் கிளீனர் ஒருமுறை லென்ஸைத் துடைத்துவிட்டு வருவது இப்போது பழக்கமாகிவிட்டது. தார்பாய் கட்டும்போதும் கயிற்றின் முனையை உள்ளே செருகச் சொல்லியிருக்கிறேன்.

ராத்திரியில் படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, ரிவர்ஸ் லைட் எரிந்தால் போதுமான அளவு தெளிவு. திரையின் வெளிச்சத்தை இரவில் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் அதன் நிழல் விழுந்து எதிர்வெளிச்சத்தில் கண்ணைக் கூசும்.

இந்தச் செட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒன்று. பின் கேமராவில் ஒரு மைக் இருக்கிறது, திரையில் ஸ்பீக்கர் இருக்கிறது. ரிவர்ஸ் போட்டால் பின்னால் நிற்கும் கிளீனரின் குரல் கேபினுக்குள் கேட்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவர்களுக்கு அது பெரிய நிம்மதி, வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பின்னாலிருந்து வரும் குரலும், பாடியில் தட்டும் சத்தமும் கேட்காது. இந்த மைக் அதைச் சரிக்கட்டுகிறது. என் தம்பி ஒருவர் ஏசி வண்டி ஓட்டுகிறார், அவரிடம், “கேமரா இல்லாட்டியும் பரவாயில்ல தம்பி, மைக் உள்ளதா பாத்து வாங்கு” என்றுதான் சொன்னேன். அப்படியும் சத்தம் அதிகமுள்ள மண்டியில் கண்ணாடியை இறக்கிவிடச் சொல்வேன்.

சென்சாரைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. வாங்க வேண்டாம். காருக்கு அது நல்ல பொருள். ஒலி அலை போய் மோதித் திரும்புவதை வைத்துத் தூரம் சொல்லும் கருவி அது. வெட்டவெளியில் ஒரு சுவரை நோக்கிப் போனால் சரியாகச் சொல்கிறது. மண்டியில் பின்னால் எப்போதும் யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள், மூட்டை போகும், தள்ளுவண்டி போகும். ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். சில நாளில் காது அதைக் கேட்பதையே விட்டுவிடுகிறது. தொங்கும் கயிறுக்கும் கத்துகிறது, லென்ஸைப்போல் சேறு மூடினாலும் கத்துகிறது. கத்த வேண்டிய மெல்லிய கம்பிக்கும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தகரத்துக்கும் பேசாமல் இருக்கிறது. நான் அதன் ஒயரைக் கழற்றிவிட்டேன். அந்தக் காசில் ஒரு நல்ல வட்டக் கண்ணாடியை இடது முன்மூலையில் வைக்கலாம்.

முன் கேமராவுக்குப் பாதி மதிப்பெண். கேபினுக்கு நேர் முன்னால், கண்ணாடிக்குக் கீழே மறையும் இடத்தைக் காட்டுகிறது. நெரிசலில் நின்று கிளம்பும்போது பைக்காரர் யாராவது மூக்குக்கு அடியில் வந்து நிற்கிறாரா என்று பார்க்க உதவும். நகரத்துக்குள் அதிகம் ஓடும் வண்டிக்கு அவசியம். எங்களைப்போல் நீண்ட தூரம் ஓடுபவர்கள் கடைசியில் மாட்டினால் போதும்.

இந்த மூன்றும் சேர்ந்தாலும் காட்டாத ஒன்று உயரம். எல்லாக் கேமராவும் தரையைத்தான் பார்க்கிறது. மரக்கிளை, கேபிள் ஒயர், மாடியின் சன்ஷேடு, கடைக்கு முன்னால் இறக்கிய தகரம், ஷட்டரின் மேல் பெட்டி, எதுவும் திரையில் வராது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புதிதாக வண்டி எடுத்த பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருக்கும். ஓரமாக ஒதுங்கினால் வண்டி இடது பக்கம் சாயும். மூன்று டிகிரி சாய்ந்தாலே நான்கு மீட்டர் உயரத்தில் பாடியின் மேல்விளிம்பு 20 சென்டிமீட்டர் வெளியே போய்விடும். கீழே டயருக்கும் கம்பத்துக்கும் முக்கால் அடி இருப்பதாகத் திரை காட்டும், மேலே தார்பாய் கம்பத்தை உரசிக்கொண்டிருக்கும். திரையில் இடம் இருக்கிறது என்று நம்பிப் போனால் இங்கே அடி நிச்சயம். வெங்காய லோடு ஏறி நிற்கும்போது இன்னும் மோசம்.

ஆகவே எங்கள் வண்டியில் திரை வந்த பிறகும் இறங்கிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. புது இடம் என்றால் வண்டியை வெளியே நிறுத்தி, நடந்து போய், வாசலை, மேலே, சாக்கடையை, திரும்ப இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவது. கேமரா மாட்டினால் கிளீனர் சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடும் ஓனர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இரவு பகலாக ஓட்டி வந்த டிரைவர், அதிகாலை மூன்று மணிக்கு, தெரியாத ஊரில், தனியாக ஒரு திரையை நம்பிப் பின்வாங்க வேண்டும் என்பது நியாயமில்லை. பின்னால் இருப்பது மூட்டை மட்டும் அல்ல, அங்கே தூங்கும் சுமைதூக்கும் தொழிலாளியும் இருப்பார். டிரைவரும் மனிதர், அவருக்கு இரண்டாவது ஆள் வேண்டும்.

வாங்குவதாக இருந்தால், நம் பக்கத்தில் பாடி கட்டும் பட்டறைகளை ஒட்டியே லாரி எலக்ட்ரிக்கல் கடைகள் இருக்கின்றன, அங்கேயே வாங்கி அங்கேயே மாட்டுங்கள். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு, ஆனால் மாட்டுபவர் “நான் வித்தது இல்லைங்க” என்று சொல்லிவிட்டால் கெட்டுப்போனதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. நான் வாங்கிய கடையில் முன் கேமரா ஒன்று மூன்றாம் மாதத்தில் மங்கியதும் பேசாமல் மாற்றித் தந்தார்கள். புது வண்டிக்குப் பாடி கட்டும்போதே பட்டறைக்காரரிடம் சொல்லி ஒயர் போகும் குழாயை வைத்துவிட்டால் பின்னால் செலவு குறையும். கூடவே ஒரு நீள ஒயரை உபரியாக வாங்கி கேபினில் போட்டு வையுங்கள். வெளியூரில் அதே முனை உள்ள ஒயர் கிடைப்பது கஷ்டம்.

டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதே செட்டை அப்படியே வாங்கிவிடக் கூடாது. இழுவண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சுருள் ஒயரும், கழற்றி மாட்டும் இணைப்பும் தனியாக வேண்டும். விலை கூடும். திருப்பத்தில் டிரெய்லர் மடங்கியதும் இழுவண்டியின் இடது கேமரா டிரெய்லரின் பக்கத்தை மட்டும்தான் காட்டும், வால் தெரியாது. அவர்களுக்குப் பின் கேமராதான் முதலில், என் வரிசை அவர்களுக்குப் பொருந்தாது.

என் திரையில் நான்காவது இணைப்பு காலியாக இருக்கிறது. அதில் கேபினின் இடது மேல் மூலையிலிருந்து பாடியின் மேல்விளிம்பை நேராகப் பார்க்கும் கேமரா ஒன்றை மாட்டலாம் என்று எலக்ட்ரீஷியனிடம் பேசியிருக்கிறேன். தார்பாய் கட்டிய பிறகும் மறையாத உயரத்தில் ஒரு பட்டை வெல்டிங் வைக்க வேண்டும், ஆனால் அந்தப் பட்டையே கிளையில் மாட்டாமல் இருக்க மடங்கும்படி செய்ய வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். யாராவது திறந்த பாடியில் இப்படி மாட்டியிருந்தால் எந்த உயரத்தில், எப்படி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்த ட்ரிப்புக்கு முன் வேலையை முடித்துவிடலாம்.